தொட்டா தேஞ்சா போயிடும்?

“கண்ணை மூடிட்டீங்க, இன்னொண்ணு எடுத்துடலாம்” என்று சொன்ன பிறகுதான் போட்டோக்காரனுக்கு உறைத்தது, எதிரே ஸ்டூலில் இருப்பது வாடிக்கையாளர் இல்லை, பொம்மை என்று.

பத்தொன்பது வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிற வாய் அது. மூளையிடம் அனுமதி கேட்காது. மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க, காது தெரியணும், கண்ணை மூடிட்டீங்க. பேருந்தில் எதிர் இருக்கையில் தூங்கி வழிந்த ஒருவரிடம்கூடச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறான். ஆகவே சொன்னதில் ஆச்சரியம் இல்லை. கேமராவின் முதுகில் இருந்த திரையை இன்னொரு தரம் பார்த்தபோதுதான் பிடரியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

நீலக் கவுன் போட்ட பெண் பொம்மை. ஒன்றரை அடி உயரம். முன்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அட்டைப்பெட்டிக்குள், வாங்கிய நாளிலிருந்து பதினோரு வருஷமாகப் பிரிக்கப்படாமல் நிற்கிறது. படுக்க வைத்தால் கண் மூடுகிற ரகம் இல்லை. கண் வெறும் பெயின்ட். திரையில் அந்தப் பெயின்ட் இருக்கவேண்டிய இடத்தில், தோல் நிறத்தில் இரண்டு இமைகள் இறங்கியிருந்தன.

நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. மறுபடி எடுத்தான். திறந்திருந்தது. முந்தைய படத்துக்குத் திரும்பினான். மூடியிருந்தது.

அவன் வீட்டில் ஒரு தனி அறை முழுக்க அறுபத்துமூன்று பொம்மைகள் இருந்தன. வருஷத்துக்கு இரண்டு தடவை அத்தனையையும் ஒவ்வொன்றாக அதே ஸ்டூலில், அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் வைத்துப் படம் எடுப்பான். பழைய படத்தோடு ஒட்டிவைத்துச் சாயம் வெளுத்திருக்கிறதா, பெட்டி முனை நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பான். நாற்பத்துநாலு வயது ஆண்பிள்ளைக்கு இது தேவையா என்பது குடும்பத்தில் நிரந்தரமாக விவாதத்தில் இருந்த தீர்மானம். தங்கையின் கணவர், வெளியாட்கள் இருந்தால் “மச்சானுக்குக் குழந்தை மனசு” என்பார்; இல்லாவிட்டால் “கிறுக்கு” என்பார். ஒரு தடவை பெண் வீட்டார் வந்து, அந்த அறையை எட்டிப் பார்த்து, கொடுத்த டீயைப் பாதி குடித்து, அவசர வேலை நினைவுக்கு வந்து போய்விட்டார்கள். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகங்களுக்கு டச்சப் செய்கிற பெண் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்: “ஏற்கெனவே அறுபத்துமூணு பேர் இருக்கிற கூட்டுக் குடும்பம்னு பயந்திருப்பாங்கண்ணே.”

ஏன் சேர்க்கிறான் என்று கேட்பவர்களுக்குக் கைவசம் சில பதில்கள் வைத்திருந்தான். கலை என்பான், சரித்திரம் என்பான். உண்மையான பதிலை யாரிடமும் சொன்னதில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்க வருகிறவர்கள் பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தையும் கையோடு கொண்டு வருவார்கள். பத்து வருஷம் ஒரு முகத்தை என்ன செய்யும் என்று தினமும் இருபது பேரிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன், மாலையில் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அறுபத்துமூன்று முகங்கள் அப்படியே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். மாறாத முகம் அவனுக்குத் தூக்க மாத்திரை.

அதில் ஒன்று இப்போது மாறியிருந்தது.

மறுநாள் காலை அறைக்குள் போனபோது முதலில் வாசனை வந்தது. புதுப் பிளாஸ்டிக்கின் இனிப்பான நெடிக்கு நடுவே, தூங்கி எழுந்து இன்னும் பல் தேய்க்காத சின்ன வாயின் வாசனை. மின்விசிறி நின்றிருந்தது. தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை ஏற்றுகிற சத்தமும், பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன. நீலக் கவுன் பெட்டியின் ஜன்னலில், பொம்மையின் வாய்க்கு நேரே, ஒரு நாணயம் அளவுக்கு ஆவி படிந்திருந்தது. விரலால் துடைத்தான். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான். வட்டம் சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். குப்பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தான். போட்டால் குப்பையிலிருந்து யாராவது ஒரு குழந்தை எடுத்துக்கொண்டு போகும். கொளுத்திவிடலாம் என்று நினைத்தான். இமைக்கிற ஒன்றை எப்படிக் கொளுத்துவது? பூட்டிய அறைதான் பத்திரம் என்று முடிவுக்கு வந்த நேரத்தில் தங்கையிடமிருந்து போன் வந்தது.

அவளுக்கு நிறைமாதம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். மூத்தவளை ஐந்து நாள் அண்ணன் வீட்டில் விடுவதாக ஒரு மாதத்துக்கு முன்பே பேச்சு. ஐந்து வயதுக்காரி, நிஜப் பெயர் ஒன்று இருந்தும் எல்லோருக்கும் அவள் வாலு. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள்.

“வாலுவ இங்க அனுப்பாதே,” என்றான்.

“ஏன்? உன் பொம்மையத் தொட்டுடுவான்னா?”

“அதில்ல.”

“பின்ன?”

“பொம்மை அவளத் தொட்டுடும்னு.”

தங்கை சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். “அண்ணா, சிரிக்க வைக்காதே, இங்கயே பொறந்துடும்.” பிறகு குரல் மாறியது. “நெஜமாத்தான் கேக்கறேன். அஞ்சு நாளு. எனக்கு வேற யாரு இருக்கா? ஒரு பிளாஸ்டிக் சாமானுக்காக உன் மருமகள வேண்டாங்கறியா?”

இல்லை என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. உண்மையைச் சொன்னால் கஞ்சத்தனம். பொய் சொன்னாலும் அதே கஞ்சத்தனம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலு ஒரு பையோடும் முழங்காலில் ஒரு புதுச் சிராய்ப்போடும் வந்து இறங்கினாள்.

“மாமா, பூட்டியிருக்கே, உள்ள யாரு?”

“யாரும் இல்ல. வா, நாம ஹால்ல படுத்துக்கலாம்.”

சனிக்கிழமை அவளை ஸ்டுடியோவுக்கே கூட்டிக்கொண்டு போனான். பள்ளிக்கூட விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். இருபத்தாறு தடவை எடுத்தான். இருபத்தாறிலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகைதான் இருந்தது. ஒன்றில் காது மட்டும் தெளிவு. ஒன்றில் ஸ்டூல் மட்டும்.

“இது புள்ளையா, பம்பரமா?” என்றாள் டச்சப் பெண்.

அன்று மாலை அவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. வாலு இருக்கும் வீட்டில் சத்தம் நிற்பது நல்லதில்லை. ஓடிவந்தான். பூட்டிய கதவில் காதை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“மாமா, யாரும் இல்லன்னியே. அப்புறம் ஏன் என் பேரக் கேக்குது?”

கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது. “நீ சொன்னியா?”

“வாலுன்னு சொன்னேன். அது இல்ல, நெஜப் பேரு வேணுமாம். நாளைக்குச் சொல்றேன்னேன்.”

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். அங்கிருந்தே தங்கைக்குப் போன் செய்தான். எடுத்தது அவள் கணவர். பிரசவ வார்டில் இருக்கிறோம், அவசரமா என்றார். அவசரம்தான், ஆனால் என்னவென்று சொல்வது? டச்சப் பெண்ணைக் கூப்பிட்டு, பொம்மை விஷயத்தைச் சொல்லி, இரண்டு நாள் குழந்தையை உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா என்று கெஞ்சினான்.

“பொம்மைக்குப் பயந்து புள்ளைய வெளிய அனுப்புவீங்களாண்ணே? கேக்கறவங்க காறித் துப்புவாங்க,” என்றாள் அவள். கோபமாக இல்லை, அக்கறையாகச் சொன்னாள். அக்கறையோடு எதிர்த்து வாதாட முடியாது.

அன்று இரவு கூடத்தில், கதவுக்கும் வாலுவுக்கும் நடுவே படுத்துக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவனை ஏமாற்றியது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, நல்ல வெயிலில், தங்கையின் கணவர் வந்தார். வலி இன்னும் எடுக்கவில்லை, மகளை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். பெற்ற அப்பா வந்துவிட்டார் என்ற தைரியத்தில் போட்டோக்காரன் பால் வாங்கப் போனான். பத்து நிமிஷம். கடையில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். பன்னிரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை காதில் போனோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “வலி வந்துடுச்சாம் மச்சான், நான் ஓடறேன்.” தெருவில் இறங்கித் திரும்பினார். “கோவிச்சுக்காதீங்க. குழந்தை அந்தக் கதவுகிட்டயே நின்னு அழுதுச்சு. திறந்து விட்டேன். ஒரு பொம்மைதானே, தொட்டா தேஞ்சா போயிடும்?”

பால் பாக்கெட் எங்கே விழுந்தது என்று அவனுக்கு நினைவில்லை.

அறை திறந்திருந்தது. ஜன்னல் வழியே வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. வெயிலின் நடுவில் வாலு உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் நேராக நீட்டி. கை இரண்டும் பக்கவாட்டில். அலமாரியைப் பார்த்தபடி. பெட்டிகள் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தன. நீலக் கவுன் பெட்டியின் மூலையில் பதினோரு வருஷத்து டேப், மஞ்சளாகி, ஒரு நூல்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது. பெட்டி ஜன்னலில் ஆவி இல்லை.

“வாலு?”

அவள் திரும்பினாள். தலை மட்டும் திரும்பியது. பிறகு தோள். பிறகு இடுப்பு. ஒவ்வொன்றாக.

“மாமா,” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அன்று மதியம் ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் செய்தி வந்தது. வாலு கொடுத்ததைச் சாப்பிட்டாள். உட்கார வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. முழங்காலில் சிராய்ப்பு இல்லை. ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டான். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறும் என்று சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஸ்டுடியோவில் மறுபடி ஸ்டூலில் உட்கார வைத்தான். ஒரே கிளிக். கத்தியால் வெட்டி எடுத்த மாதிரிப் படம்.

“பம்பரத்துக்கு என்னாச்சு?” என்று டச்சப் பெண் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். “இதுல எனக்கு வேலையே இல்லண்ணே. ஒரு தழும்பு இல்ல, ஒரு முடிக்கால் இல்ல. வழவழன்னு இருக்கு. இதே மாதிரி எல்லாரும் வந்தா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.” வாலுவின் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய விரலை, ஏனென்று தெரியாமல், புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் வாலுவைக் கூடத்து நாற்காலியில் வைத்துவிட்டு அறைக்குள் போனான். வைத்துவிட்டு என்ற சொல் மனசுக்குள் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். நீலக் கவுன் பெட்டியை எடுத்து ஸ்டூலில் வைத்தான். அதே வெளிச்சம். அதே தூரம். எடுத்தான்.

புகை.

கேமராவை மேஜைமேல் அழுத்திவைத்து எடுத்தான். புகை. பெட்டி தெளிவாக இருந்தது. அட்டை முனை, டேப், எழுத்து எல்லாம் கூர்மையாக இருந்தன. பொம்மையின் தலை மட்டும் இடமும் வலமுமாகக் கலங்கியிருந்தது. ஐந்தாவது படத்தில் கைகள் ஜன்னலில் ஒட்டியிருந்தன. ஆறாவதில் வாய் திறந்திருந்தது. பெரிதாக. நிமிர்ந்தால், பெட்டிக்குள் பொம்மை அசையாமல் நின்றது, பெயின்ட் கண்களோடு.

வாழ்க்கையில் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்காதவன் கத்தரிக்கோலைத் தேடினான். கிடைக்கவில்லை. பல்லால் கிழித்தான். அட்டையைப் பிய்த்து, முதுகில் முறுக்கியிருந்த கம்பிகளை அவிழ்த்து, வெளியே எடுத்தான். லேசாக இருந்தது. உள்ளே காலி. சில்லிட்ட பிளாஸ்டிக். “வாலு, மாமாடா. மாமா வந்துட்டேன். பயப்படாதே.” ஒன்றும் அசையவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்தான். படத்தில் ஒரு புகைக்கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது.

கூடத்திலிருந்து சத்தமே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வந்தார். தாயும் சேயும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வாலு வாசலிலேயே, பை பக்கத்தில், நின்றுகொண்டிருந்தாள். நிற்க வைத்த இடத்தில்.

“இவளக் கூட்டிட்டுப் போகாதீங்க, மாப்பிள்ளை.”

“என்ன மச்சான் வெளயாடறீங்க. உங்க பொம்மையவா கேட்டேன், எம் பொண்ணத்தானே கேட்டேன்?”

“இது உங்க பொண்ணு இல்ல.” சொல்லிவிட்டான். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. நீலக் கவுன் பொம்மையை அவர் கையில் திணித்தான். “இதுதான். இதக் கூட்டிட்டுப் போங்க. இந்தப் படத்தப் பாருங்க. அழறா பாருங்க.”

மாப்பிள்ளை ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முகத்தில் முதல் தடவையாகக் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. கேலியை அவனால் தாங்கியிருக்க முடியும்.

“கை நடுங்கியிருக்கு மச்சான். எல்லாமே ஆடிப்போச்சு.” பொம்மையை ஜாக்கிரதையாக, இரண்டு கையாலும், அவனிடம் திருப்பிக் கொடுத்தார். “ஒரு நல்ல டாக்டரப் பாப்போம். நானே கூட வரேன். தனியா இருந்தா இப்படித்தான்.” வாலுவைத் தூக்கிக்கொண்டார். “ஆனா ஒண்ணு சொல்லணும், நாலு நாள்ல எப்படி இவ்வளவு சமத்தாக்கினீங்க? பொம்மை மாதிரி இருக்கா!”

அவர் தோளுக்கு மேல் வாலுவின் முகம் தெரிந்தது. கையசைக்கவில்லை. ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் அவன் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. பொம்மையைப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தான். பேசிக்கொண்டிருந்தான். கணக்கில்லாமல் படம் எடுத்தான். கலங்கல் குறைந்துகொண்டே வந்தது. களைத்துப்போகிறாள் என்று நினைத்தான். தங்கைக்குப் பதினாலு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வீடியோ கால். படுக்கையில் தலையணையில் சாய்ந்திருந்தாள், களைப்பு, சந்தோஷம்.

“அண்ணா, எதுவும் பேசாதே. ஒண்ணு காட்டறேன், பாரு. உன் மனசு சரியாயிடும்.” போனைத் திருப்பினாள். தொட்டில். உள்ளே வெள்ளைத் துணியில் ஐந்து நாள் சிசு. தொட்டில் விளிம்பில் வாலு குனிந்திருந்தாள். “தம்பிய விட்டு நகரமாட்டேங்கறா. சத்தம் கிடையாது, சண்ட கிடையாது. அவளாவே வெளயாடறா பாரு.”

வாலு சிசுவின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். மெதுவாகத் தூக்கினாள். விட்டாள். விழுந்தது. மறுபடி தூக்கினாள். முழங்கையை மடக்கிப் பார்த்தாள். நீட்டிப் பார்த்தாள்.

“அவகிட்டேருந்து எடு! குழந்தைய எடு! தொட விடாதே!”

தங்கை அலுத்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கம் யாரிடமோ திரும்பினாள். “கேட்டீங்களா? இங்கயும் தொடாதேங்கறான்.” கேமரா தொட்டிலைப் பார்த்தபடியே இருந்தது. அவள் பார்வைதான் இல்லை.

கத்தினான். பெயர் சொல்லிக் கத்தினான். போனின் அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, தங்கை பதில் சொல்ல, இரண்டு பேரும் தணிந்த குரலில் அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

வாலு தோள்பட்டைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். புதுப் பொம்மையின் கை எதுவரை போகும் என்று பார்க்கிற குழந்தையின் கவனம் முகத்தில். கை மேலே போனது. காதைத் தொட்டது. சிசு வாயைத் திறந்தது. சத்தம் இன்னும் வரவில்லை.

காதைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது.